நிலநடுக்கம் உருவாக்கிய ஏரி... அங்கே எந்தத் தூண்டில் எடுபடும்?

'சும்மா ரீல் விடாதே' என்று யாரையாவது ஒருமுறையேனும் கிண்டல் செய்யாத தமிழர் இருக்க மாட்டார். அமெரிக்காவின் ரீல்ஃபுட் ஏரி பிறந்த கதையை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கும் அப்படிச் சொல்லத்தான் தோன்றும். ஒரு குளிர்காலத்தில் பூமி குலுங்கியதாம். காடு ஒன்று அப்படியே கீழே இறங்கியதாம். மிசிசிப்பி ஆறு பின்னோக்கி ஓடியதாம். காடு இருந்த பள்ளத்தில் தண்ணீர் புகுந்து ஏரி ஆனதாம். இதில் ஒன்றுகூட ரீல் இல்லை என்பதுதான் ஆச்சர்யம்!

1811 டிசம்பர் 16 அன்று முதல் அதிர்வு. 1812 ஜனவரி 23-ல் இன்னொன்று. பிப்ரவரி 7-ல் வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. நியூ மாட்ரிட் நிலநடுக்கங்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். கடைசி அதிர்வின்போது ஆற்றின் அடித்தளம் ஓரிடத்தில் மேலெழும்ப, மிசிசிப்பி கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் ஓடியது. அதன் கிழக்குக் கரையில், இன்றைய டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சைப்ரஸ் மரங்கள் அடர்ந்திருந்த தாழ்வான நிலம் இன்னும் தாழ்ந்துபோனது. தண்ணீர் வந்து நிரம்பியது. மூழ்கிய மரங்கள் பட்டுப்போயின. ஆனால், சைப்ரஸ் லேசில் மக்கிப்போகிற மரமில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அவற்றின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கின்றன.

பெயரில் இருக்கும் 'ரீல்' தூண்டில் ரீல் அல்ல. கால் வளைந்து, ஆடி ஆடி நடந்த ஒரு சிக்கசா பழங்குடித் தலைவனை 'ரீல்ஃபுட்' என்று அழைத்ததாகவும், அவன் வேறு குலத்துப் பெண்ணைக் கவர்ந்து வந்ததால் தெய்வம் கோபித்துப் பூமியைப் பிளந்ததாகவும் ஊரில் ஒரு கதை உலவுகிறது. இது வேண்டுமானால் ரீலாக இருக்கலாம்!

மெம்பிஸ் நகரிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். டிப்டன்வில் என்ற சின்ன ஊரைத் தொட்டபடி ஏரி விரிகிறது. பரந்து கிடந்தாலும் ஆழம் குறைவு. சராசரியாக ஐந்தடிதான். ஓர் ஆள் நின்றால் கழுத்தளவு. கரையோரம் உயிரோடு இருக்கும் சைப்ரஸ் மரங்கள் அடி பருத்து, தண்ணீரிலேயே வேர் பிடித்து நிற்கின்றன. கோடையில் மஞ்சள் தாமரை பூக்கிறது. குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் வந்து தங்குகின்றன. இவற்றைப் பார்க்கக் கேமராவோடு வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், தூண்டிலோடு வருகிறவர்கள் இன்னொரு பக்கம்.

தூண்டில்காரர்கள் தேடி வருவது பெரிய மீனை அல்ல. கிராப்பி, புளூகில் என்ற இரண்டு சின்ன மீன்களை. முழு மீனாக வாணலியில் போட்டுப் பொரித்தெடுக்கத் தோதான அளவு என்பதால் இந்த வகை மீன்களுக்கு அமெரிக்காவில் 'பான்ஃபிஷ்' என்று பெயர். வாணலி மீன்! புளூகில்லைப் பார்த்தால் நம்மூர் ஜிலேபிக் கெண்டையின் சித்தப்பா பிள்ளை என்றே தோன்றும். உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, துளியூண்டு வாய். அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முள்ளில் மாட்டியதும் தட்டையான பக்கத்தைத் தண்ணீருக்குக் காட்டி வட்டமடித்து இழுக்கும் பாருங்கள்... பெரிய மீன் ஏதோ சிக்கிவிட்டது என்றே முதல்முறை பிடிப்பவர் நினைப்பார்.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். மெம்பிஸ், நாஷ்வில் நகரங்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியோடு ஒரு வார இறுதியில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் பெரிய கடை. சுவர் முழுக்க தூண்டில் கோல்கள். 'கனமானதா, உறுதியானதா வாங்கு, உடையாது' என்று தாத்தா சொல்வார். அந்த யோசனை கடலுக்கு எடுபடும். இங்கே அந்தக் கோலைக் கொண்டுபோனால், மீன் கடித்ததே கைக்குத் தெரியாது. தெரிந்து இழுத்தாலும் மீன் நழுவிவிடும். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் செல்போனைக் கேட்பார்கள். அதோடு அன்றைய நாள் முடிந்தது.

நீளக் கோலா, குட்டி ராடா?

கிராப்பியின் வாயைச் சுற்றியுள்ள தோல் காகிதம் மாதிரி. 'பேப்பர்மவுத்' என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. விறைப்பான கோலால் வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். அதனால் கோலின் நுனி வளைந்துகொடுக்க வேண்டும். கடையில் சோதிக்கும் வழி சுலபம். நுனியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மேல் பாகம் தயங்காமல் வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். கம்பி மாதிரி நின்றால், அது வேறு மீனுக்கானது.

அடுத்தது நீளம். இதை முடிவு செய்வது தண்ணீருக்குள் நிற்கும் அந்தக் கட்டைகள்தான். வழக்கமாக மற்ற ஏரிகளில் செய்வதுபோலத் தூர வீசி, சுற்றி இழுத்தால் வழியில் இருக்கும் அத்தனை கட்டையிலும் முள் மாட்டும். மீனோ அந்தக் கட்டையை ஒட்டித்தான் ஒளிந்திருக்கும். ஆகவே, இந்த ஏரிக்காரர்கள் வீசுவதில்லை, இறக்குகிறார்கள். 10 முதல் 12 அடி நீளமுள்ள மெல்லிய கோலைப் படகிலிருந்து நீட்டி, கட்டைக்குப் பக்கத்தில் நேராக இரையை இறக்கி, நேராகவே மீனைத் தூக்குகிறார்கள். நம் கிராமத்துக் குளக்கரையில் மூங்கில் குச்சியும் தங்கூசியும் தக்கையுமாக உட்கார்ந்திருப்பவர் செய்வதும் இதே வேலைதான். அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் முன்பு மூங்கில் கோல்தான். இப்போது அதே நீளத்தில், கிராஃபைட்டில் வருகிறது. எடை குறைவு, அவ்வளவே.

இந்த நீளக் கோலுக்கு விலை உயர்ந்த ரீல் வாங்குவது வீண் செலவு. இங்கே ரீலுக்கு வேலையே கிடையாது. மிச்ச நரம்பைச் சுற்றி வைத்துக்கொள்ளும் ஒரு உருளை, அவ்வளவுதான். காசு இருந்தால் கோலில் போடலாம். அனுபவசாலிகள் படகின் முன்பக்கம் இப்படிப்பட்ட கோல்களை விசிறி மாதிரி வரிசையாகப் பொருத்தி, மெதுவாகப் படகைச் செலுத்துவார்கள். பார்க்கச் சிலந்திக் கால்கள் போலிருப்பதால் 'ஸ்பைடர் ரிக்கிங்' என்கிறார்கள். முதல் பயணத்திலேயே இதை முயல வேண்டாம். நரம்புகள் பின்னிக்கொண்டால் அவிழ்க்கவே பாதி நாள் போய்விடும்.

கரையிலிருந்தோ, மரப்பாலத்திலிருந்தோ, கட்டைகள் குறைந்த திறந்தவெளியிலோ பிடிப்பதானால் 'அல்ட்ராலைட்' எனப்படும் குட்டி ராடு போதும். ஐந்தரை முதல் ஆறரை அடி. அதோடு 1000 என்று எண் குறித்த சின்ன ஸ்பின்னிங் ரீல். ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு விவரங்கள் அச்சிட்டிருக்கும். எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் எடை. பலர் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். வாணலி மீனுக்கு நரம்பு 2 முதல் 6 பவுண்டு என்று இருந்தால் சரி. எடை 1/32 அவுன்ஸிலிருந்து தொடங்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு கிராம்! அந்த எடையை வீச, கோல் அவ்வளவு லேசாக இருந்தாக வேண்டும். நரம்பில் மட்டும் ரொம்ப மெல்லியதற்கு ஆசைப்படாமல் 4 அல்லது 6 பவுண்டு போடுவது நல்லது. கட்டையில் உரசினால் 2 பவுண்டு நரம்பு நொடியில் அறுந்துவிடும்.

ரீலில் 'டிராக்' என்ற திருகு இருக்கும். மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதன் வேலை. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு இழுவைக்கே அது நழுவ ஆரம்பிக்கும்படி வைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ரீலை ராடில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். நுனி தரையை நோக்கிச் சாய்ந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும்.

கிராஃபைட்டா, ஃபைபர் கிளாஸா என்ற கேள்விக்கு வீட்டில் யார் பிடிக்கப்போகிறார்கள் என்பதுதான் பதில். மீன் லேசாகத் தொட்டால்கூட கிராஃபைட் கைக்குச் சொல்லிவிடும். ஆனால், கார் கதவில் சிக்கினால் மளுக்கென்று உடையும். ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் மந்தம், மிதித்தாலும் தாங்கும். எட்டு வயசுப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ரீலிலும் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்பின்காஸ்ட் என்ற மூடி போட்ட ரீல். பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தி, வீசும்போது விட்டால் போதும். நரம்பு சிக்காது. இதன் பின்னணியில் சுவாரஸ்யமான ஒரு கதை இருக்கிறது. ஆர்.டி.ஹல் என்பவர், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் நூல்கண்டைச் சுழற்றாமல், அசையாத கண்டின் முனையிலிருந்து நூலை உருவுவதைப் பார்த்தார். ரீலும் அப்படி இருந்தால் சிக்காதே என்ற யோசனை பிறந்தது. அதை அவர் கொண்டுபோனது ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரிலிருந்த ஜீரோ அவர் பாம் கம்பெனிக்கு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்ணெய்க் கிணறுகளில் வைக்கும் வெடி செய்த நிறுவனம் அது. 1949-ல் முதல் ரீல் வெளிவந்தது. வெடிகுண்டு கம்பெனியின் பெயர் சுருங்கி 'ஜெப்கோ' ஆனது. 1954-ல் வந்த ஜெப்கோ 33 இன்றும் அமெரிக்கத் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் ரீல்.

கோலும் ரீலும் சரியாக அமைந்து, முள் தப்பாகிப்போனால் எல்லாம் போச்சு. புளூகில்லின் வாய் சிறியது என்பதால் 8 அல்லது 10-ஆம் எண் முள்தான் உள்ளே போகும். அதிலும் மெல்லிய கம்பியில் செய்த, கழுத்து நீண்ட முள்ளைக் கேட்டு வாங்க வேண்டும். முள் கட்டையில் மாட்டினால் நிதானமாக இழுக்கும்போது அதுவே நிமிர்ந்து விடுபட்டு வந்துவிடும். விரலால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள் என்றால் நரம்போடு கட்டைக்குத் தானம்! இரைக்கு, புளூகில்லென்றால் சுவர்க்கோழிப் பூச்சி, கிராப்பியென்றால் பொடி மீன். ஏரிக்கரைக் கடைகளில் சுவர்க்கோழிகளை உயிரோடு விற்கிறார்கள். வாங்கியதைக் காருக்குள் தவறவிட்டால், திரும்பும் வழியெல்லாம் கச்சேரிதான்.

மீனுக்காக நடந்த கொலை

ஒரு கோலும் ஒரு முள்ளும் இருந்தால் யாரும் பிடிக்கலாம் என்ற நிலை இந்த ஏரியில் எளிதாக வந்துவிடவில்லை. ஏரி உருவாவதற்கு முன்பே அந்த நிலத்துக்குப் பத்திரங்கள் இருந்தன. நிலம் மூழ்கினாலும் பத்திரம் மூழ்கவில்லை. அந்த உரிமைகளைச் சேர்த்து வாங்கிய வெஸ்ட் டென்னசி லேண்ட் கம்பெனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரியே தங்களுடையது என்றது. தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் திடீரென்று அனுமதி கேட்டு நிற்க வேண்டியதானது.

வழக்கு போட்டும் பலனில்லாமல்போக, முகமூடி அணிந்த ஆட்கள் இரவில் குதிரையில் கிளம்பினார்கள். மிரட்டல், சாட்டையடி, தீவைப்பு. 1908 அக்டோபரில், கம்பெனியோடு தொடர்புடைய இரண்டு வழக்கறிஞர்களை விடுதியிலிருந்து இழுத்துச் சென்றார்கள். குவென்டின் ரேங்கின் என்பவரைத் தூக்கிலிட்டுச் சுட்டுக்கொன்றார்கள். உடனிருந்த வயதானவரான டெய்லர் தண்ணீரில் குதித்துத் தப்பினார். ஆளுநர் மால்கம் பேட்டர்சன் படையோடு வந்து இறங்கினார். ஆறு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது ரத்தானது. கொலையை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. அதேசமயம், அந்த ஏழைகளின் ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாமல் இல்லை. பின்னர் மாநில அரசு ஏரியைப் பொதுவுடைமை ஆக்கியது. இன்று மரப்பாலத்தில் ஒரு குழந்தை பொத்தானை அழுத்தித் தூண்டில் வீசுவதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

இப்போது பணம் கட்டுவது உரிமத்துக்குத்தான். டென்னசியில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். மற்றவர்கள் உரிமம் எடுத்த பிறகே கோலைத் தொட வேண்டும். சுற்றுலா வந்த தாத்தாவுக்கும் இது பொருந்தும். ஒரு நாளில் எத்தனை மீன் என்ற வரம்பும் உண்டு. உரிமம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். வசந்தத்தின் தொடக்கத்தில் கிராப்பி, மே மாதம் பிறந்ததும் புளூகில், கரைக்கு அருகே முட்டையிட வரும். புதியவர்களுக்கு மே, ஜூன்தான் ராசியான மாதங்கள்.

படகு எடுப்பதானால் 'ஸ்டம்ப் ஜம்பர்' என்ற உள்ளூர்ப் படகைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கட்டைகளில் மோதினாலும் சேதமாகாத வடிவம். அதன் துடுப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. வழக்கமாகத் துடுப்பு போடுகிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்வார். கட்டைகள் நிறைந்த ஏரியில் அப்படிப் போக முடியுமா? அதனால் முன்னோக்கிப் பார்த்தபடியே செலுத்துமாறு கீல் வைத்த துடுப்பு. இந்தப் படகுகளைத் தலைமுறைகளாகச் செய்த குடும்பத்தைச் சேர்ந்த டேல் கால்ஹூனுக்கு 1998-ல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது.

பிடித்த மீனைச் செதில் நீக்கி, சோளமாவில் புரட்டி, சூடான எண்ணெயில் பொரிப்பது அந்த ஊர் வழக்கம். கூடவே வெள்ளைக் காராமணி மாதிரியான பீன்ஸும், 'ஹஷ் பப்பி' என்ற சோளமாவு உருண்டையும். கூடவந்த பாட்டி கைப்பையில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பொட்டலம் கொண்டுவந்திருந்தால் இன்னும் விசேஷம். முள்ளை மட்டும் பார்த்துச் சாப்பிட வேண்டும். ஜிலேபிக் கெண்டை சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.