கறுப்பனோடு கொடிமலை ஏறுகிறோம்

ஞாயிறு விடியலில் நாங்க கோயில் தொண்டர்கள் சிலர், பினாங்கு கொடிமலையில் மூன் கேட் வழியா 84-ஆம் நிறுத்தம் வரைக்கும் ஏறுவோம். கூடவே எங்க கோயில் நாய் கறுப்பனும் வருவான்.

மலை உச்சி 833 மீட்டர். பாதி தூரத்திலேயே ரோட்டுச் சத்தம் அடங்கிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அதனால வெயில் ஏறுமுன்னே இறங்கிடுவோம். அவனுக்குத் தண்ணியும் கிண்ணமும் எங்க பையில் இருக்கும். குரங்கைக் கண்டா பாய்வான், பக்கத்திலேயே சரிவு. கயிற்றை அவிழ்க்கவே மாட்டோம்.

எதிரே மலாய்க்காரர்கள் வந்தா கயிற்றைக் குட்டையாப் பிடிச்சு ஓரமா நிற்போம். நாய் எச்சில் பட்டா அவங்க முறைப்படி கழுவணும். நாம ஒதுங்கினா அவங்களும் சிரிச்சு, "தெரிமா காசே" சொல்லிட்டுப் போவாங்க. பாதை எல்லாருக்கும் பொதுதானே?

ஒரு வேண்டுகோள். கறுப்பனை யாரோ பெட்டியில் போட்டு கோயில் வாசலில் விட்டுட்டுப் போனாங்க. கூட இருந்த மூணு குட்டியில் ஒண்ணும் பிழைக்கலை. "கோயில்ல சோறு கிடைக்கும்"னு நினைச்சு குட்டிகளை விடாதீங்க. ரோட்டில் அடிபடும், இல்லன்னா பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. வளர்க்க முடியாதுன்னா தாய் நாய்க்கு முன்கூட்டியே கருத்தடை செய்யுங்க. பைரவர் வாகனம்னு கும்பிட்டா மட்டும் போதாது.

முருகா சரணம்.