ஊர்ப் பெயரே முதல் பாடம்

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டிலிருந்து விரைவு ரயிலில் சென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சலமங்கா வந்துவிடும். 1218ல் தொடங்கிய பல்கலைக்கழகமும், மாலை வெயிலில் பொன்னிறமாக மின்னும் மணற்கல் கட்டடங்களும், ஊரே கூடும் ‘பிளாசா மயோர்’ சதுக்கமும் இதன் அடையாளங்கள். ஸ்பானிய மொழிக்கு நெப்ரிஹா எழுதிய இலக்கண நூல் 1492ல் வெளியானதும் இங்கேதான். இன்றும் மொழி கற்கப் பலர் வருகிறார்கள். நானும் சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார வகுப்புக்குச் சென்றிருந்தேன்.

ஊர்ப் பெயரே முதல் பாடம். ச, ல, ம, கா என நான்கு அசையிலும் வருவது ஒரே உயிரோசை. ஆங்கிலம் பழகிய நாக்கு அதை ‘சேலமேங்க’ என்பதுபோல மாற்றிவிடும். இரண்டு இடத்தில் வாய் அகலும், மற்ற இரண்டும் தேய்ந்துபோகும். ஸ்பானிய மொழியிலோ அழுத்தம் விழாத உயிரும் முழுதாக ஒலிக்க வேண்டும்.

பலகையில் ஆசிரியை ஐந்து சொற்களை எழுதினார்: பாசோ, பேசோ, பீசோ, போசோ, பூசோ. முறையே காலடி, எடை, அடுக்குமாடி வீடு, காப்பி மண்டி, ‘வைத்தான்’. உயிர் பிசகினால் வாடகைக்கு வீடு கேட்பவர் எடையைக் கேட்டு நிற்பார்.

பிரிட்டிஷ், அமெரிக்க மாணவர்கள் அதிகம் திணறியது ‘நோ’ என்ற சொல்லில். அவர்கள் அதை ‘நோவ்’ என்று உதடு குவித்து முடிப்பார்கள். தொடங்கிய இடத்திலேயே நிற்கும் ‘நோ’ நம் காப்பிக் கடைகளில் தினமும் கேட்பதுதானே! ஆங்கில வகுப்பில் ‘தட்டையான உச்சரிப்பு’ என்று திருத்தப்பட்ட நம் பேச்சுக்கு அங்கே பாராட்டுக் கிடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

தமிழின் அ, எ, இ, ஒ, உ ஐந்தும் பெரிய துணை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். படம், பாடம் என்று நமக்குக் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஸ்பானிய மொழியில் அந்த வேறுபாடு இல்லை, எனவே இழுக்க வேண்டாம். அடுத்து, பேச்சில் நாம் ‘எட்டு’வை ‘யெட்டு’ என்றும், ‘ஒண்ணு’வை ‘வொண்ணு’ என்றும் சொல்கிறோம். ஸ்பானிய எட்டான ‘ஒச்சோ’வில் அந்த ‘வ்’ எட்டிப் பார்க்கக் கூடாது.

சலமங்கா போனால் ஒரு மாலை சதுக்கத்தில் உட்கார்ந்து காது கொடுங்கள். பேச்சு எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஐந்து உயிர்களும் தனித்தனியே கேட்கும்.