கை வீங்கி வந்த பையன்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல வயசுப் பிள்ளைங்க இருக்கிறவங்களாவது முழுசா படிச்சிடுங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு நைட் டியூட்டி. 19 வயசுப் பையன், முழங்கை மடிப்புல சீழ்க்கட்டி. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு சார்"னாங்க அம்மா. கட்டியைச் சுத்தி ஊசி குத்தின தழும்புகள். வலி மாத்திரையைப் பொடி பண்ணி, தண்ணியில கரைச்சு, நரம்புல ஏத்தியிருக்கான். டேபென்டடால். கடுமையான வலிக்கு நாங்களே எழுதுற மாத்திரைதான். ஆனா மூளையில ஹெராயின் போய் உட்கார்ற அதே இடத்துலதான் இதுவும் உட்காரும். வாயில போடுற மாத்திரையில இருக்கிற மாவு, பவுடர் எல்லாம் ரத்தக்குழாயில போனா அடைப்பு, சீழ். ஊசியைப் பகிர்ந்தா எச்ஐவி, ஹெபடைடிஸ் சி.

சீழை எடுத்துக் கட்டு போட்டேன். போட்டுக்கிட்டே அம்மா முன்னாடி அவனைக் கிழிச்சேன். "கொழுப்பெடுத்துப் போய்தானே இதெல்லாம்?" அவன் தலையே நிமிரல. மறுநாள் கட்டுப் பிரிக்கவும் வரல.

நாலு மாசம் கழிச்சு 108-ல வந்தான். உதடு நீலம், கண்ணுப் பாப்பா ஊசிமுனை அளவு, நிமிஷத்துக்கு நாலஞ்சு மூச்சு. நலாக்சோன் போட்டதும் முழிச்சான். அதோட வேலை சீக்கிரம் முடிஞ்சிடும், மூச்சு திரும்பவும் நிக்கலாம். அதனால ராத்திரி பூரா கண்காணிப்பு.

நடந்தது இதுதான். ஒரு மாசம் எங்கேயோ ஒரு விடுதியில அடைச்சு வச்சிருக்காங்க. மருந்து எதுவும் இல்லை. "திருந்திட்டான்"னு கூட்டிட்டு வந்திருக்காங்க. வந்த மூணாவது நாள் பழைய அளவையே போட்டுட்டான். ஒரு மாசம் விட்ட உடம்புக்கு அந்த அளவு தாங்காது. போதையை விட்டுட்டு வர்ற முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ரொம்ப ஆபத்து. பெத்தவங்க நிம்மதி ஆகுற நேரமும் அதுதான்.

அன்னிக்கு ராத்திரி திட்டாம பேசினேன். எப்படிப்பா ஆரம்பிச்சது? "கேட்டரிங் வேலைக்குப் போவேன் சார். நின்னு நின்னு கால் வலி. கூட வேலை பார்த்தவன் ஒரு மாத்திரை குடுத்தான்." அப்புறம் சொன்னான்: "இப்ப போதைக்கெல்லாம் இல்ல சார். போடலன்னா எந்திரிக்கவே முடியல."

நான் படிச்ச பாடத்தை அவன் ஒரே வரியில சொல்லிட்டான். முதல் மாத்திரை அவன் எடுத்த முடிவு, அதை நான் மறுக்கல. ஆனா திரும்பத் திரும்ப எடுக்கும்போது மூளை அதுக்கு ஏத்தமாதிரி தன்னை மாத்திக்குது. அப்புறம் மருந்து இல்லன்னா எலும்பு வலி, பேதி, மூக்குல தண்ணி, தூக்கமே இல்லை. போதாததுக்கு, "வேணாம்"னு பிரேக் போடுற முன்மூளை 20-களின் நடுவுலதான் முழுசா வளர்ந்து முடியுது. பிரேக் கட்டி முடிக்காத வண்டியைத்தான் நான் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மனநலப் பிரிவுல சேர்த்தோம். நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரினார்ஃபின் ஆரம்பிச்சாங்க. வலியையும் ஏக்கத்தையும் அடக்கும், ஆனா ஒரு அளவுக்கு மேல போதை ஏத்தாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல இதுக்குச் சிகிச்சை இருக்கு. போலீஸ் பயத்துல தயங்காதீங்க. தானா சிகிச்சைக்கு வர்றவங்களுக்காகவே 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு. எங்க போறதுன்னு தெரியலன்னா 14446-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் இல்லை.

ஸ்கூல்களுக்குப் பேசப் போறப்போ முன்னாடி அழுகின கை போட்டோ காட்டுவேன். பசங்க "உச்" கொட்டிட்டு மறந்துடுவாங்க. இப்ப, "பிரெண்டு நீட்டினா என்ன சொல்லித் தப்பிப்பீங்க?"ன்னு அவங்களையே பேச விடுறேன். ஏன்னா ஸ்கூல் கேட்ல நிக்கிற முகம் தெரியாத ஆள் இல்லை, பெரும்பாலும் பக்கத்துல உட்கார்றவன்தான் குடுக்கிறான். கூட இருக்கிறவன் மயங்கினா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108 கூப்பிடுங்க, ஓடிடாதீங்கன்னும் சொல்றேன்.

வெயில்லயும் முழுக்கை சட்டை, பாத்ரூம்ல அரை மணி நேரம், பையில ஊசி மூடி, காலையில கொட்டாவியும் மூக்கொழுகலும், வெளிய போய்ட்டு வந்தா சரியாகிடுறது. இதெல்லாம் பார்த்தா அன்னிக்கே அடிச்சுத் துரத்தாதீங்க. கேளுங்க. நான் அந்த முதல் ராத்திரி கேட்டிருக்கணும்.

பையன் இப்பவும் மாத்திரை வாங்க வர்றான். நடுவுல ரெண்டு தடவை சறுக்கி, திரும்ப வந்தான். போன வாரம் அவங்க அம்மா கேட்டாங்க, "எப்ப சார் இந்த மாத்திரையை நிறுத்துவீங்க?"

"உங்க சுகர் மாத்திரையை எப்பம்மா நிறுத்தப் போறீங்க?"ன்னேன்.

அம்மா ஒண்ணும் சொல்லல. சீட்டை வாங்கிக்கிட்டு அவனை முன்னாடி நடக்க விட்டுப் பின்னாடியே போனாங்க.