கொள்ளுக்குத் திறக்கும் வாய்

‘கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்’ என்பது என் மாமியார் அடிக்கடி சொல்லும் பழமொழி. எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் என் மகளைப் பார்த்துத்தான் வரும். வயது 12. செல்போன் என்றால் கை நீளும். வேலை என்றால் சோபாவில் சாய்ந்துவிடுவாள். நானும் என் பங்குக்கு ‘சோம்பேறி, சோம்பேறி’ என்று திட்டிக்கொண்டே இருந்தேன்.

உடம்பு அசைந்தாலாவது சுறுசுறுப்பு வரட்டும் என்று, போன கோடை விடுமுறையில் குதிரையேற்றப் பயிற்சியில் சேர்த்துவிட்டோம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், ஒரு தோப்புக்குள் இருக்கும் சின்ன இடம் அது. அவளுக்குக் கொடுத்த மட்டக்குதிரையின் பெயர் சுல்தான். கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து நடந்து பழகியவன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. பழமொழியில் வரும் குதிரை இவன்தான்! வாளியைப் பார்த்தால் கனைப்பான். கடிவாளத்தைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மேலே தூக்கிவிடுவான். ஏறி உட்கார்ந்தால் பத்தடி நடப்பான், நிற்பான். மகள் இரண்டு குதிகாலாலும் இடித்துக்கொண்டே இருப்பாள். பயிற்சி கொடுத்த பையன் குச்சியை ஓங்குவான். சுல்தான் இன்னும் பத்தடி நடப்பான்.

“ரெண்டு சோம்பேறிகளும் நல்லா ஜோடி சேர்ந்திருக்கு” என்று சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஒரு பெரியவர். கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் பல வருஷம் இருந்தவர். எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவர் சுல்தான் மேல் யாரையும் ஏற்றவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து உயிரியல் பூங்கா பக்கமிருந்து சிங்கத்தின் கர்ஜனை கேட்டது. சுல்தானின் இரண்டு காதும் விடைத்து நின்றன.

“பாத்தீங்களாம்மா? காது நல்லா கேக்குது. நாமதான் ஓயாம இடிச்சு இடிச்சு, நம்ம பேச்சை மட்டும் கேக்காத மாதிரி பழக்கிட்டோம்” என்றார்.

முதலில் அவர் கை வைத்தது தீனியில். அதுவரை காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி என்று தவிடும் கொள்ளும் கலந்து வைத்துவந்தார்கள். அதுவும் வகுப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு. புல் பேருக்குத்தான். குதிரையின் இரைப்பை அதன் உடம்பை வைத்துப் பார்த்தால் ரொம்பச் சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதற்கென்றே அமைந்த வயிறு. நிறையத் தின்ற உடனே சேணத்தை இறுக்கிக் கட்டினால், நிறைந்த வயிறு நுரையீரலை அழுத்தும். “பந்தியில சாப்பிட்டு எழுந்த உடனே உங்களை ஓடச் சொன்னா ஓடுவீங்களா?” என்று கேட்டார் பாய்.

சுல்தான் எடை சுமார் 200 கிலோ இருக்கும். அந்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது நாளைக்கு 4 கிலோ அளவுக்கு உலர்ந்த தீவனம் வேண்டுமாம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், புல்லாகக் கொடுத்தால் 15 முதல் 20 கிலோ! அதை நாலைந்து வேளையாகப் பிரித்தார்கள். தவிட்டைக் குறைத்தார்கள். கொள்ளை இரவே ஊறவைத்து, வேகவைத்து, அளவாகத்தான் கொடுத்தார்கள். நம்மூர் வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடும் என்று கல் உப்பும் சேர்த்தார்கள். தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்று வலி வந்து குதிரை உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் 10 நாளில் மெல்ல மெல்ல மாற்றினார்கள்.

அடுத்து, கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். குதிரையின் கடைவாய்ப் பற்கள் பல வருஷங்களுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். அதனால் மேல்பல்லின் வெளி ஓரம் தேயாமல் கத்தி மாதிரி கூர்மையாகிவிடும். சுல்தானின் கன்னத்துக்குள்ளே இரண்டு பக்கமும் புண். கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் அந்தப் புண் கூரான பல்லில் உரசியிருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. கடிவாளம் என்றால் வாயை மூடும்தான். வலித்தால் மூடாமல் என்ன செய்யும்?

பல்லை அராவி, புண் ஆறிய பிறகுதான் பயிற்சி. அதுவும் ஒரு தடவைக்கு 20 நிமிஷம்தான். “காலால ஒரு தடவை லேசா அழுத்து. நடந்தா உடனே விட்டுடு. நடக்கிறப்போ தொந்தரவு பண்ணாதே. அதுதான் அதுக்குப் பரிசு” என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரே வட்டத்தில் சுற்றாமல் தோப்புக்குள் அழைத்துப் போகச் சொன்னார். கோபம் வந்தால் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் விதி. கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்று சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்கத் தளபதி செனபோன் எழுதி வைத்திருப்பதாகப் பிறகு படித்தேன். பாய் அதையெல்லாம் படித்தவரில்லை.

ஒரு மாதத்தில் சுல்தான் தானாகவே ஓட்டநடை போட்டான். பந்தயக் குதிரையாகிவிடவில்லை; மதிய வெயிலில் இன்றும் நின்றுவிடுவான். ஆனால் சொன்னால் கேட்கிறான்.

ஒரு நாள் மகள் சீக்கிரமே இறங்கி மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். வழக்கமான வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாப்பா முகம் வெளுத்திருக்கும்மா. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதில் 12 இருக்க வேண்டுமாம். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், சோபாவே கதியென்று கிடந்ததும் ரத்தசோகையால்தான். காலையில் சாப்பிடாமல் ஓடுவதும், சாப்பிடும்போதே டீ குடிப்பதும் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அதையெல்லாம் ‘சோம்பேறி’ கணக்கிலேயே எழுதியிருந்தேன். குதிரைக்குத் தீனி நேரத்தை வாரக்கணக்கில் நின்று கவனித்தவள், பெற்ற பெண்ணின் தட்டைக் கவனிக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சைச் சாறு, டீக்குச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேர இடைவெளி என்று மூன்று மாதம் ஓடியது. இப்போது 11.4. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஹோம்வொர்க் செய்யாமல் எங்கள் வீட்டில் சுருண்டு படுத்திருந்தான். மாமியார் தன் பழமொழியை ஆரம்பித்தார். முடிப்பதற்குள் என் மகள் குறுக்கிட்டாள்.

“பாட்டி, முதல்ல அதோட வாயைத் திறந்து பார்த்தீங்களா?”