பழி ஓரிடம், கோளாறு வேறிடம்

"நெட் வரலை" என்றால் போதும், ஆபீஸில் யார் தலையிலாவது பழி விழுந்துவிடும். எங்கள் செக்‌ஷனில் அது பெருக்கித் துடைக்கும் ஆயாவின் தலையில் விழுந்தது. "துடைக்கறப்ப ஆயாதான் ஒயரை இழுத்திருக்கும்!" என்றார் அதிகாரி. தினக்கூலி வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டரின் பின்னால், நெட் ஒயர் சொருகும் இடத்தில் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஒயர் சரி. கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டினேன். 169.254 என்று தொடங்கும் எண் வந்தது. ரூட்டர் முகவரி தராதபோது கம்ப்யூட்டர் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. பக்கத்து மேஜையிலும் இதே கதை. ஆக, கோளாறு மாடியிலிருக்கும் ரூட்டரில்! அதை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டோம். சற்று நேரத்தில் எல்லா மேஜையிலும் நெட் வந்துவிட்டது.

"ஆயாவோட துடைப்பம் மாடிக்குமா சார் போச்சு?" என்றேன். அதிகாரி சிரித்து மழுப்பினார்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். முதலில் விளக்கு, அடுத்து எண், பிறகு பக்கத்து மேஜை. இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு ஏழையின் பிழைப்பைக்கூடக் காப்பாற்றலாம்.