வண்டுக்குச் செய்த துரோகம்

பி.காம் படிக்கிறவனுக்கு வண்டைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறீங்களா? 2024 அக்டோபர் வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாதுதான்.

அந்த மாசம் என்.எஸ்.எஸ். முகாமில் பார்த்தீனியம் பிடுங்குகிற வேலை. எனக்கு அந்தச் செடி மேல் சொந்தப் பகை உண்டு. அப்பாவுக்குக் கழுத்து, கை மடிப்பெல்லாம் கறுத்துத் தடித்திருக்கும். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருப்பார். தோல் டாக்டர் சொன்ன காரணம் பார்த்தீனியம். அதனால் கையுறை மாட்டிக்கொண்டு வெறியோடு பிடுங்கினேன். சில செடிகளில் இலையெல்லாம் ஓட்டை. மேலே பழுப்புக் கோடு போட்ட வெளிர்மஞ்சள் குட்டி வண்டுகள். சேர்த்தே குழியில் போட்டு மூடிவிட்டோம்.

சாயங்காலம் விலங்கியல் படிக்கிற அக்கா ஒருத்தங்க தலையில் அடிச்சுக்கிட்டாங்க. "டேய், அது நம்ம கட்சிடா!"

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பேர் ஸைகோகிராமா பைகலரேட்டா. மெக்சிகோ ஊர்க்காரர். பார்த்தீனியம் 1955இல் புனேயில் கண்ணில் பட்டது (அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள்). பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதனால் அதைத் தின்கிற வண்டை 1983இல் பெங்களூருக்கு வரவழைத்து, மற்ற பயிர்களைத் தொடுகிறதா என்று சோதித்து, 1984இல் வெளியே விட்டார்கள். இறக்குமதியில் வந்த நஷ்டத்துக்கு இன்னொரு இறக்குமதி! எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் கேட்டால் கான்ட்ரா என்ட்ரி என்பார் :-)

வண்டு, புழு இரண்டுமே இலை தின்னும். புழு குருத்தையே குறிவைக்கும், செடி பூக்க முடியாது. நடுவில் ஒரு வம்பும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் சூரியகாந்தியில் இந்த வண்டைப் பார்த்து விவசாயிகள் பதறிவிட்டார்கள். இரண்டு செடியும் ஒரே குடும்பமாச்சே! பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் விழுந்ததால் வண்டு ஏமாந்து கடித்தது என்று ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள்.

2025இல் மழை விழுந்ததும் ரயில்வே லைன் ஓரம் போய்ப் பார்த்தேன். இருந்தன! மூடியில் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாற்பது பேரைப் பிடித்து வந்து, எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் விட்டேன். அப்பா திண்ணையிலேயே நின்று பார்த்தார். "எத்தனை நாள்ல தின்னு முடிக்கும்?" என்றார்.

வெயில் வந்தால் எல்லாம் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை. "சீக்கிரம்பா" என்றேன்.