டிரம் சுத்துற ஊர்

ஆம்பூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பிரியாணி! காலேஜ்ல சேர்ந்த நாள்லேர்ந்து நான் ஊர் பேரைச் சொன்னா, அடுத்த கேள்வி ‘பார்சல் எப்போ மச்சி?’தான். எனக்கு ஞாபகம் வர்றதோ சத்தம். அதுவும் போன ஒரு வருஷத்துக்கு அப்புறம், சத்தம் மட்டும்தான்!

ஆரம்பிச்சது போன வருஷம் பிப்ரவரியில. நான் படிக்கிறது வேலூர்ல வேற காலேஜ். வி.ஐ.டி-ல படிக்கிற ஃப்ரெண்டு ஒருத்தன், ‘ரிவியரா’ கல்ச்சுரல்ஸுக்கு இழுத்துட்டுப் போனான். ராத்திரி டி.ஜே. மேடை. சுத்தி ஆயிரக்கணக்குல பசங்க, பொண்ணுங்க. முதல் ‘கிக்’ விழுந்துச்சு பாருங்க... அது காதுல விழல, நெஞ்சுல விழுந்துச்சு! பாட்டு இல்ல, வரி இல்ல. ‘டம்... டம்... டம்... டம்...’ அவ்வளவுதான். கல்யாண ஊர்வலத்துல கூட ஆடாத நான் அன்னிக்கு ரெண்டு மணி நேரம் ஆடினேன். ரூமுக்கு வந்தா ரெண்டு காதுலயும் ‘கொய்ங்...’ விடியற வரைக்கும் நிக்கல. அதை மெடல் மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் பைத்தியம்தான். ஹவுஸ்னா நிமிஷத்துக்கு 120-லேர்ந்து 130 அடி, டப்ஸ்டெப்னா 140, டிரம் அண்ட் பேஸ்னா 170-ஐ ஒட்டி... பரீட்சைக்குப் படிக்காததை எல்லாம் இதுக்குப் படிச்சேன். சரண்ஜித் சிங்னு ஒரு மும்பை சினிமா இசைக்கலைஞர். 1982-லயே ரோலண்ட் கம்பெனியோட டி.ஆர்-808 டிரம் மெஷினையும் டி.பி-303 பேஸ் மெஷினையும் வெச்சு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ரெக்கார்டு போட்டுட்டார். அப்ப அதை யாரும் கண்டுக்கல. சிகாகோவுல ‘ஆசிட் ஹவுஸ்’ கிளம்பினது அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, 1987-ல! 2010-ல அந்த ரெக்கார்டு மறுபடி வெளிவந்தப்பதான் உலகம் வாயைப் பொளந்துச்சு. ‘அட, நம்மாளு!’ன்னு ஹாஸ்டல் மொத்தத்துக்கும் போட்டுக் காட்டினேன்.

லேப்டாப்ல எஃப்.எல். ஸ்டுடியோ ட்ரையல் வெர்ஷன். அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. செஞ்சதை சேவ் பண்ணலாம். மறுபடி திறந்து வேலை பார்க்க முடியாது! அதனால என் பாட்டு எல்லாமே ஒரே ராத்திரியில பிறந்து, அதே ராத்திரியில முடிஞ்சது.

வாரக்கடைசியில ஊருக்கு ரயில். காட்பாடி தாண்டினா லத்தேரி, குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், அப்புறம் ஆம்பூர். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் மணலாக் கிடக்கிற பாலாறு. டேனரிக் கழிவு இந்த ஆத்துல கலந்ததைப் பத்தின வழக்குலதான், 1996-ல சுப்ரீம் கோர்ட், மாசுபடுத்துறவங்கதான் அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கிற பசங்களுக்கு அது பாடம். எங்களுக்கு அது ஜன்னலோரம். காதுல ஹெட்ஃபோன் இருந்தாலும் ஸ்டேஷன் வர்றது தெரிஞ்சிடும். தோல் வாடை வந்து எழுப்பிடும்!

மே மாச லீவுல ஒருநாள், அப்பா சாப்பாட்டு கேரியரை மறந்துட்டுப் போயிட்டார். எடுத்துட்டு டேனரிக்குப் போனேன். சின்ன வயசுல பார்த்ததுதான். ஆனா அன்னிக்குத்தான் கேட்டேன். ஆள் உயரத்தைத் தாண்டின மர டிரம்கள். உள்ளே தண்ணி, குரோம் உப்பு, நூத்துக்கணக்குல ஆட்டுத்தோல். டிரம் மெதுவா சுத்தும். உள்ளே அடிச்சிருக்கிற கட்டைகள் தோலை மேலே தூக்கிட்டுப் போய் கீழே போடும். ‘தொப்... சளக். தொப்... சளக்.’ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. இதுவும் பீட்தானே!

மேஸ்திரிகிட்ட கேட்டு, செல்போன்ல ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணிக்கிட்டேன். டெக்னோ பிறந்ததும் இப்படி ஒரு ஊர்லதான். கார் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன டெட்ராய்ட். 1980-கள்ல ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன்னு மூணு ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் தொடங்கி வெச்சது. அந்த ஊருக்கு கார்னா, எங்க ஊருக்கு ஷூ. ‘அடுத்த டெட்ராய்ட் ஆம்பூர்தான்டா’ன்னு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் தட்டினேன். ‘முதல்ல பார்சல்’னு பதில் வந்துச்சு.

நவம்பர்ல இன்னொரு ஷோ. இந்த முறை ஸ்பீக்கருக்கு முன்னாடியே நின்னேன். ‘கொய்ங்’ விடியலோட நிக்கல. மூணு நாள் ஆச்சு. கிளாஸ்ல லெக்சரர் பேசுறது கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு. பயந்துபோய் காது டாக்டர்கிட்ட போனேன். ஹெட்ஃபோன் மாட்டி, பீப் பீப்னு டெஸ்ட் எடுத்து கிராஃப் கொடுத்தாங்க. கோடு நேரா போய் 4,000 ஹெர்ட்ஸ்ல மட்டும் சின்னதா இறங்கி ஏறுது. ‘சத்தத்துல வேலை செய்யறவங்களுக்கு வர்ற பள்ளம் இது. நீ எங்கே வேலை செய்யறே?’ன்னு கேட்டார் டாக்டர்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு.

அப்பா இருபது வருஷமா ஷேவிங் மெஷின்ல நிக்கிறார். பதப்படுத்தின தோலை ஒரே கனத்துக்குச் சீவுற மெஷின். வீட்டுல டி.வி. சத்தம் தெருவுக்கே கேக்கும். நாங்க எல்லாரும் கத்திதான் பேசுவோம். ‘அப்பாவுக்குக் காது மந்தம்’னு கேலி பண்ணியே வளர்ந்தோம். அடுத்த வாரம் அவரையும் இழுத்துட்டுப் போய் டெஸ்ட் எடுத்தேன். ரெண்டு கிராஃபையும் பக்கத்துல வெச்சேன். பள்ளம் ஒரே இடம். எனக்குக் குழி, அப்பாவுக்குக் கிணறு.

85 டெசிபல்னா எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான். காதுக்குள்ளே ஒலியை வாங்குற மயிரிழைச் செல்கள் சுமார் 15 ஆயிரம். செத்தா மறுபடி முளைக்காது. அப்பா சம்பளத்துக்காக அதைக் கொடுத்தார். அந்தச் சம்பளத்துல டிக்கெட் வாங்கி நானும் கொடுத்துட்டு வந்திருக்கேன்!

இப்ப என் பாக்கெட்ல எப்பவும் இயர்பிளக் இருக்கு. ஸ்பீக்கர் பக்கம் நிக்கறதில்ல. அப்பாவுக்கு காதை மூடுற மஃப் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். ‘பசங்க சிரிப்பானுங்க’ன்னு ஒரு வாரம் பையிலயே வெச்சிருந்தார். இப்ப மாட்டறார்.

பொங்கல் லீவுல, அந்த டிரம் சத்தத்தை 124 பீட்டுக்கு ஏத்தி ஒரு டிராக் முடிச்சேன். அப்பாவைக் கூப்பிட்டு, அவர் கையை ஸ்பீக்கர் மேல வெச்சேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு இருந்தார்.

“நம்ம டிரம்மு இல்ல?”

“ஆமாப்பா!”

“ஸ்பீடு ஜாஸ்தி. இப்படி ஓட்டினா தோல் கிழிஞ்சிடும்டா.”

குறைச்சுட்டேன்!